குடும்பப் பெயர்: தங்கராசு

1

இந்தச் சிக்கலை ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். இங்கே கனடாவில் இருப்பவர்களுக்கு இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி, அதற்குப் பிறகு நம் பெயர். நான் த. முத்துக்குமார். தீர்ந்தது.

விசாப் படிவத்தில் தீரவில்லை. அங்கே 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. திருச்சியில் பன்னிரண்டு வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கட்டத்தைக் காலியாக விட மனசு வராது. அப்பாவின் பெயரை எழுதினேன். விமானத்திலிருந்து இறங்கிய நிமிஷம் முதல் நான் மிஸ்டர் தங்கராசு. மாமனாரின் பெயரை வாயால் சொல்லத் தயங்கும் என் மனைவி செல்வி, மிஸஸ் தங்கராசு என்று கையெழுத்துப் போடப் பழகினாள். நாலு வயது மகள், கயல்விழி தங்கராசு ஆனாள். நம் ஊர்க் கணக்கில் வாசித்தால் அவள் தங்கராசுவின் மகள். அதாவது என் தங்கை. வீட்டில் இது பழைய வேடிக்கை. கயலுக்குக் கோபம் வந்தால் என்னை "அண்ணா" என்பாள்.

ஒரு நகராட்சியின் அனுமதிச்சீட்டு கவுண்டரில் இருபத்தைந்து வருஷம் அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலிக் கட்டத்தோடு வந்த படிவம் எதையும் வாங்கியதில்லை. ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் கேக்கின் மேல் ஒரு கட்டம் வரைந்து அதைக் காலியாக விட்டிருந்தார்கள்.

ஊரிலிருந்து யாராவது அலுவல் சம்பந்தமாக அழைத்தால் முதல் கேள்வி, "தங்கராசு சாருங்களா?" என்பதுதான். இல்லை, அது எங்க அப்பா பேரு என்று திருத்துவேன். சிலர் விடாமல், அப்பா இருந்தால் அவரிடம் கொடுக்கச் சொல்வார்கள். அவர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு என்னிடம் சட்டப்படியான பதில் கிடையாது.

போன வாரம் அம்மாவின் இரண்டாவது திதி. அன்றைக்கும் அப்படி ஒரு போன் வந்தது. அதனால்தான் போன வருஷத்துப் பயணத்தை எழுதுகிறேன்.

2

முதல் திதிக்காக நானும் கயலும் மட்டும் மே மாதத்தில் கிளம்பினோம். செல்விக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சென்னையில் வாடகைக்குக் கார் எடுத்துத் தானே ஓட்டுவேன் என்று கயல் பிடிவாதம் பிடித்தாள். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று நான்தான் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். திண்டிவனம் தாண்டியதும் ஒரு டிராக்டர் எங்கள் பாதையிலேயே எதிரே வந்தது. இது எந்த விதியில் வருகிறது என்று கேட்டாள். விதி எனக்குத் தெரியும், டிராக்டர்காரருக்குத் தெரியாது என்றேன்.

பின் சீட்டில் என்னுடைய நீலக் கோப்பு கிடந்தது. அதில் காவல் துறையின் 'கண்டுபிடிக்க முடியவில்லை' சான்று, நீதிமன்ற உத்தரவு, செய்தித்தாள் விளம்பரத்தின் நகல், அப்பாவின் பழைய ஓட்டுநர் உரிமம். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டம். நாங்கள் அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் காத்திருந்தோம். அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. குங்குமமும் தாலியுமாகவே போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு வக்கீல் மூலம் மற்றதையெல்லாம் முடித்திருந்தேன், இனி ஒரே ஒரு படி பாக்கி: திருச்சியில் நேரில் மனுக் கொடுத்து அப்பாவின் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பாதி வாழ்க்கை மற்றவர்களின் கோப்புகளை மூடியவன், என் வீட்டுக் கோப்பைத் திறந்தே வைத்திருந்தேன். அதை மூடிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்.

"டூர் போறோமா, ஆடிட் போறோமா?" என்றாள் கயல்.

விழுப்புரத்துக்கு அருகில் காரில் ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது. பின் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று திரையில் ஒரு சிவப்பு உருவம். பின்னால் கோப்பைத் தவிர எதுவும் இல்லை. கோப்பு அரைக் கிலோகூட இருக்காது. வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். "தங்கராசு சாருங்களா?" என்று தொடங்கிய பையன், சென்சார் கோளாறாக இருக்கும், பெல்ட்டை மாட்டிவிட்டால் நின்றுவிடும் என்றான். கயல் வண்டியை ஓரம் கட்டி, பின் கதவைத் திறந்து, கோப்பின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால்தான் அவள் கேட்டாள், அன்றைக்கு என்ன நடந்தது என்று. அதுவரை அவளிடம் நான் சொல்லியிருந்தது ஒரு வாக்கியம்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு முப்பத்தெட்டு. துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தது. கோடை விடுமுறையில் ஒருநாள், நாம் ரெண்டு பேர் மட்டும் சுற்றிவிட்டு வரலாம் என்று காட்டூரிலிருந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முக்கொம்பு பார்த்தோம். ஸ்ரீரங்கம் போனோம். திரும்பும்போது சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு கடையில் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"இங்கயே நில்லு குமாரு. எங்கயும் போயிடாத. இதோ வந்துடறேன்."

இரண்டு பஸ்களுக்கு நடுவில் புகுந்து சாலையைக் கடந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை. ஒரு பஸ் நகர்ந்தது, அதற்குப் பின்னால் அவர் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிவரை சோடா பாட்டிலைக் கையில் பிடித்தபடி அந்தக் கடைப்படியிலேயே நின்றேன். கடைக்காரர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நில் என்றுதான் சொல்லியிருந்தார். மோட்டார் சைக்கிளில் சாவி இருந்தது. சண்டை, கடன், வியாதி எதுவும் இல்லை என்று போலீஸ் பிறகு எழுதியது.

கயலின் தமிழ் சனிக்கிழமை வகுப்பில் படித்தது. பேச்சு நன்றாக வரும், சில இடங்களில் வழுக்கும்.

"அப்ப தாத்தாவ நீங்க தொலைச்சிட்டீங்களா?"

தொலைந்து போனாரா என்றுதான் அவள் கேட்க நினைத்தாள். தானாக நடந்தால் 'தொலைந்து', ஒருவர் செய்தால் 'தொலைத்து' என்று இலக்கணம் சொல்லிக் கொடுத்தேன். அவள் திருத்திச் சொன்னாள். எனக்கென்னவோ முதலில் கேட்டதுதான் பெரம்பலூர் தாண்டியும் காதில் நின்றது.

3

கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது உச்சி வெயில். ஆறு முழுக்க மணல், நடுவில் கயிறு மாதிரி தண்ணீர். தூரத்தில் ராஜகோபுரம் வெயிலில் நடுங்கியது. அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விடுதியில் கயல் இணையத்தில் அறை பதிவு செய்திருந்தாள். காட்டூர் வீட்டை அம்மா போன பிறகு சித்தப்பா மகன் வாடகைக்கு விட்டிருந்தான்.

விடுதியின் வரவேற்பில் திருமண் இட்ட மானேஜர் ஒருவர் மட்டும் இருந்தார். தங்கராசு என்ற பெயரில் பதிவு என்று சொன்னேன். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

"வாங்கோ. தங்கராசு சார் கார்த்தாலயே வந்துட்டாரே. ரூம்ல சாமானெல்லாம் ஒண்ணும் வைக்கல. பெருமாள் சேவிச்சுட்டு இதோ வந்துடறேன்னு வெளியில போனார்."

பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே நீல மையில் எழுதியிருந்தது: தங்கராசு, காட்டூர். வயதுக் கட்டம் காலி. அடையாள அட்டைக் கட்டமும் காலி. அட்டையைப் பார்க்காமல் எப்படி அறை கொடுத்தீர்கள் என்று கேட்டேன், எந்த விதியின்படி அது தப்பு என்பதையும் சொன்னேன். மானேஜர் வருத்தப்பட்டார். அப்புறம் தருகிறேன் என்றாராம், நல்ல மனுஷராகத் தெரிந்ததாம். யாரோ வேறு தங்கராசு, திருச்சி ஜில்லாவில் தெருவுக்கு ஒருவர் இருப்பார் என்றேன். இது உண்மை. எங்கள் பட்டறைத் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள்.

"வயசானவரா?" என்று கயல் கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. நாப்பதுகூட இருக்காது. பிள்ளையும் பொண்ணும் வெளிதேசத்துலேர்ந்து வரா, வந்தா உக்கார வைங்கோன்னார். சின்னக் குழந்தைகளாக்கும்னு நான் எக்ஸ்ட்ரா பெட்டெல்லாம் போட்டு வச்சேன்."

இணையப் பதிவில் இரண்டு பெயர்கள் இருந்தன: முத்துக்குமார் தங்கராசு, கயல்விழி தங்கராசு. அதை வாசித்தவர் யாரும் மகனும் மகளும் என்றுதான் நினைப்பார்கள். மானேஜர் வாசித்ததையும் கேட்டதையும் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று கயலிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சரி என்றாள்.

மாடியில் அறை திறந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய கட்டிலின் விரிப்பு கசங்கவில்லை. சன்னல் ஓரத்தில் ஒரு மடக்குக் கட்டில், பன்னிரண்டு வயதுப் பையன் கால் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு. அதன் நடுவில் மட்டும் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம். குளியலறைத் தரையில் ஈரம். துடைத்த பெண் விட்டுப்போன ஈரமாக இருக்கலாம்.

கோப்பில் அப்பாவின் ஓட்டுநர் உரிமம் இருந்தது, அதில் அவர் கையெழுத்து. கீழே பதிவேட்டில் ஒரு கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். இருபத்தைந்து வருஷம் அந்த வேலையைத்தான் செய்தேன். கோப்பைத் திறக்கவில்லை. வேறு அறை கேட்டோம், கொடுத்தார். கயல் போகிற போக்கில் பதிவேட்டைப் போனில் படம் பிடித்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுநாள் அம்மா மண்டபம் படித்துறையில் திதி முடித்து வந்தபோது, அந்த அறைச் சாவி இன்னும் வரவில்லை என்று மானேஜர் சொன்னார். உங்களோடு வரவில்லையா என்று எங்களையே கேட்டார்.

4

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எங்கள் மனுவைப் பார்த்த அம்மாள் சுறுசுறுப்பானவர். காகிதங்களை வரிசையாக அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்து, சார் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பாஸ்போர்ட்டைத் திறந்தார்.

"சார், இறந்தவர் பேரும் தங்கராசு. மனு கொடுக்கிற உங்க பேரும் தங்கராசுன்னு இருக்கு. நான் யாருக்கு சர்டிபிகேட் போடுறது? உயிரோட எதிர்ல நிக்கிறவருக்குப் போட எனக்கு அதிகாரம் இல்லீங்க."

கயலின் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, தங்கச்சிக்கும் உங்களுக்கும் வயசு வித்தியாசம் ரொம்ப ஜாஸ்தி என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். விஷயத்தை விளக்கினேன். புரிந்துகொண்டார். ஆனாலும் காகிதம் வேண்டும் என்றார். அது நியாயம், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று சான்று வாங்குவது நாட்டில் தினமும் நடப்பது. நானே பல பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது அதற்கு நேர்மாறு. தங்கராசு என்பவரும் நானும் ஒரே நபர் அல்ல என்று நான் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதோடு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'அன்று முதல் இன்று வரை அவரை எவரும் பார்த்ததாகவோ கேள்விப்பட்டதாகவோ தகவல் இல்லை.'

கயல் அந்த வரியை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"அப்பா, இன்று வரைன்னு போட்டிருக்கு."

அது வழக்கமான வாசகம் என்றேன்.

"சரி. ஆனா இன்று வரைன்னா இன்னிக்கு வரைக்கும்தானே?"

அவள் போனில் அந்தப் பதிவேட்டுப் படத்தைத் திறக்கவில்லை, போனைக் கையில்தான் வைத்திருந்தாள். நோட்டரியும் டைப்பிஸ்ட்டும் சத்திரம் பக்கத்தில் கிடைப்பார்கள் என்று அந்த அம்மாள் வழி சொன்னார்.

காரில் ஏறியதும் கயல் கேட்டாள், அந்தக் கட்டத்தில் ஏன் அவர் பெயரை எழுதினீர்கள் என்று. தெரியாமல் நடந்த பிழை என்றுதான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். செல்வியிடம்கூட. என் பெயரையே அங்கே எழுதியிருக்கலாம், விதி அதற்கு இடம் கொடுத்தது, எனக்கு அந்த விதி தெரியும். ஒரு பெயர் நடப்பில் இருக்கும்வரை அதன் கோப்பை யாராலும் மூட முடியாது என்பதும் தெரியும். எங்காவது ஏதாவது ஒரு பட்டியலில் அவர் தன் பெயரைப் பார்த்துவிட மாட்டாரா என்று நினைத்தேன். இதை அவளிடம் சொன்னேன். அவள் கியரை மாற்றினாள்.

5

சத்திரத்தில் கார் நிறுத்த இடமில்லை. டைப்பிஸ்ட் பத்து நிமிஷத்தில் பத்திரத்தை அடித்துக் கொடுத்தார். நோட்டரி எதிர்மாடியில். கயல் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்ததால் ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவள் சாவியை எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"இங்கயே நில்லுங்கப்பா. எங்கயும் போயிடாதீங்க. இதோ வந்துடறேன்."

அவளுக்கு நான் சொல்லிய வார்த்தைகள்தான். வேண்டுமென்று சொல்லவில்லை, தமிழில் அந்தச் சந்தர்ப்பத்துக்கு அவளிடம் இருந்தது அந்த வாக்கியம் ஒன்றுதான். இரண்டு பஸ்களுக்கு நடுவில் புகுந்து சாலையைக் கடந்தாள்.

நான் நின்ற இடத்தைப் பிறகுதான் கவனித்தேன். சோடாக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். படி அதே படி. மணி பன்னிரண்டேகால். நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது. ஒரு பஸ் நகர்ந்தது. அதற்குப் பின்னால் அவள் இல்லை.

பத்து நிமிஷம் நின்றேன். இருபது. போன் அணைந்திருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. தேடிப் போக வேண்டும் என்று அறுபத்து மூன்று வயது மூளை சொல்கிறது, கால் நகரவில்லை. நில் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நான் போன பிறகு அவள் வந்தால்? கடைக்காரப் பெண் ஸ்டூலை நகர்த்தி உட்காருங்க சார் என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். கையில் உறுதிமொழிப் பத்திரம் வியர்வையில் நனைந்தது. நாற்பது நிமிஷம். நானும் தங்கராசு என்பவரும் ஒரே நபர் அல்ல என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தத் தடவை தொலைத்தது யார் என்று இலக்கணம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து கயல் வந்தாள். முகம் சிவந்திருந்தது. காரை வெகு தூரம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது, திரும்பும் வழி தவறிப் பஸ் நிலையத்தை இரண்டு முறை சுற்றியிருக்கிறாள்.

"அப்புறம் ஒரு ஆளு, அவராவே வந்து வழி சொன்னாரு. நான் ஒண்ணும் கேக்கவே இல்ல." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அவரும் ஆபீஸ் அம்மா மாதிரியேப்பா. 'ஒங்கண்ணன் இன்னும் அங்கயேதான் நிக்கிறான், போயி கூட்டிக்கிட்டுப் போ'ன்னாரு."

அவள் சந்தேகத்தோடு கேட்டாள்:

"நிக்கிறாருன்னுதானே சொல்லணும்? உங்களப் போய் நிக்கிறான்னு யாராச்சும் சொல்வாங்களா?"

யாரும் சொல்ல மாட்டார்கள். நரைத்த தலையைப் பார்த்த எவரும், திருச்சியில், அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த ஆள் எந்தப் பக்கம் போனார், என்ன வயது, என்ன சட்டை என்று கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். ஒன்றையும் கேட்கவில்லை.

"தப்பாத்தான் சொல்லிட்டாரு" என்றேன்.

"சரி வாங்க, போலாம்" என்று என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் படியிலிருந்து இறங்கினேன். அன்றைக்கு ஐந்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார். நானாக இறங்கியது இதுதான் முதல் தடவை.

நோட்டரியின் மாடிப்படிக்கு எதிரே நின்று, ஏறலாமா என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இன்று வரை என்று எழுதி என்னால் கையெழுத்துப் போட முடியாது. பொய் உறுதிமொழி எந்தப் பிரிவில் குற்றம் என்பது எனக்குத் தெரியும்.

சென்னைக்குத் திரும்பும்போது கோப்பைப் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் போட்டிருந்தோம். விமான நிலையம்வரை அந்த மணி அடிக்கவில்லை. சென்சார் தானாகச் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

6

பத்திரம் இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்துக் கட்டம் காலி. ஒரு படிவத்தை நான் அப்படி விட்டு வைத்திருப்பது செல்விக்குப் பெரிய அதிசயம், வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். கயல் போனில் எடுத்த படத்தை அழித்துவிட்டதாகச் சொன்னாள். நான் பார்க்கக் கேட்டதில்லை.

போன வாரம் இங்கே காலை ஏழு மணி, திதிக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மே மாதத்துக்குச் சம்பந்தமில்லாத குளிர். இந்திய எண்ணிலிருந்து அழைப்பு. ஸ்ரீரங்கத்து விடுதியின் மானேஜர் குரல் என்று உடனே தெரிந்தது.

"தங்கராசு சாருங்களா? ரூம் சாவி இன்னிக்குத்தான் திரும்பி வந்தது. கவுண்டர்ல யாரோ வச்சுட்டுப் போயிருக்கா. ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்த திருத்தம் நாக்கு நுனியில் இருந்தது. சமையலறையிலிருந்து செல்வியும், லீவில் வந்திருந்த கயலும் என்னைப் பார்த்தார்கள்.

"அவர் வெளிய போயிருக்காரு" என்றேன். "இதோ வந்துடுவாரு."